நடுநிலையும் சமாதானமும்: திருவண்ணாமலை வட்டாரத்திலிருந்து ஒரு திருச்சபை வரலாற்று நோக்கு

சமாதானம் பண்ணுதல் திருச்சபையின் பணிகளுள் ஒன்று என்பதை மறுப்பார் நம்மிடையே எவருமிலர். மலைப்பிரசங்கத்தின் பேறுகளுள் ஒன்றே அதைப் பற்றியது. ஆயினும் போர் மூண்ட காலங்களில் திருச்சபை என்ன செய்தது என்று வரலாற்றை வினவினால், கிடைக்கும் விடை அத்துணை எளிதானதன்று. நம் இறையியல் வகுப்புகளில் இப்பொருள் எழும்போதெல்லாம் வியட்நாம் போரை எதிர்த்து வீதியில் இறங்கிய அமெரிக்கப் போதகர்களையும், இட்லரின் காலத்து ஜெர்மானிய அறிக்கைத் திருச்சபையையும், ஜெனீவாவில் நிறைவேறிய தீர்மானங்களையும் எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. அவற்றைக் கற்பது நன்றே. ஆனால் நம் சொந்த மண்ணில், நாம் நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்லும் ஊர்களில், இதே வினா எழுந்ததையும் அதற்குச் சிலர் தம் வாழ்வால் விடையளித்ததையும் நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. திருவண்ணாமலையையும் அதனை அடுத்த திருக்கோவிலூர், திருப்பத்தூர் ஆகிய ஊர்களையும் நடுவாகக் கொண்டு அவ்வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதில்கள் கோட்டையான காலம்

அண்ணாமலையார் கோயிலைக் காண வருவோர் அதன் 217 அடி உயர இராசகோபுரத்தை அண்ணாந்து நோக்குவர்; சுற்றியுள்ள மதில்களைக் கவனிப்போர் சிலரே. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த மதில்களுக்கு வேறொரு பயன் இருந்தது. கருநாடகப் போர்களின் காலத்தில் இக்கோயில் கோட்டையாகக் கொள்ளப்பட்டது. நவாபின் படை, பிரெஞ்சுப் படை, ஆங்கிலேயப் படை என ஒன்றன்பின் ஒன்றாக அதனைக் கைக்கொண்டன, இழந்தன, மீண்டும் கைக்கொண்டன. 1767 செப்டம்பர்த் திங்களின் தொடக்கத்தில் செங்கத்திலும், அதன் இறுதியில் திருவண்ணாமலையிலும், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் தலைமையிலான கம்பெனிப் படை, மைசூர் ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் இணைந்து நடத்திய பெரும்படையை எதிர்த்துப் போரிட்டது. ஆங்கில வரலாற்று நூல்கள் இதனை ஒரு வெற்றியாகப் பதிவு செய்கின்றன. படைகள் நெல்லைத் தேடி அலைந்த சிற்றூர்களின் மக்களுக்கு அது எவருடைய வெற்றியாக இருந்திருக்கும் என்பதை அந்நூல்கள் கூறுவதில்லை.

இப்போர் நடந்த காலத்தில் திருச்சிராப்பள்ளியில் ஊழியஞ்செய்துகொண்டிருந்தவர் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர். 1726இல் பிறந்து, 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1798இல் தஞ்சாவூரில் மறைந்த இவரைத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. இங்கு நாம் கருத்தில் கொள்ள வேண்டியது வேறொன்று. அவர் ஹாலே மிஷனெரியாக மட்டும் இருக்கவில்லை. 1760களின் பிற்பகுதி முதல் திருச்சிராப்பள்ளிப் படையகத்தின் குருவாகக் கம்பெனியிடமிருந்து ஊதியமும் பெற்றார். 1764இல் மதுரை முற்றுகையின்போது காயமுற்ற சிப்பாய்களிடையே பணிபுரிந்ததும் உண்டு. எனவே 1779இல் சென்னை ஆளுநர் தாமஸ் ரம்போல்டு அவரை அழைத்து, ஐதர் அலியிடம் சமாதானத் தூதுவராகச் செல்லும்படி கேட்டபோது, அழைத்தவர் அவருக்குப் படியளப்பவராகவும் இருந்தார்.

அவர் உடனே இசையவில்லை, தயங்கினார். பிறகு சென்றமைக்கு மூன்று காரணங்களை அவரே குறித்துள்ளார். குருதி சிந்தாமல் தடுக்கும் முயற்சி தேவனுக்கு உகந்தது என்பது முதலாவது. நற்செய்தி கேட்டிராத இடங்களில் அதனைக் கூற வாய்ப்புண்டாகும் என்பது இரண்டாவது. கம்பெனி தமக்குச் செய்த நன்மைகளுக்கு நன்றி காட்ட வேண்டும் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒருசேர வைத்து நோக்கும்போது அவருடைய நேர்மையும் அவருடைய இக்கட்டும் ஒருங்கே புலப்படுகின்றன. சமாதானத்துக்காகச் செல்கிறவர் இரு தரப்பில் ஒன்றற்கு நன்றிக்கடன் பட்டவராகச் செல்கிறார்.

1779 ஆகஸ்டு இறுதியில் அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடைந்தார். ஐதர் அவரை மதிப்போடு வரவேற்றார். தம்மருகே அமரச் செய்தார். தம் மனத்தாங்கலை ஒளியாமல் கூறினார். 1769இல் செய்த உடன்படிக்கையின்படி ஆபத்துக் காலத்தில் தமக்கு உதவ வேண்டிய கம்பெனி, மராட்டியர் தம்மைத் தாக்கியபோது கைகட்டி நின்றது என்பது அவருடைய பெரும் குறை. அது பொய்யான குறையன்று. அண்மையில் மாஹியைக் கம்பெனி கைப்பற்றியதும் அவரைச் சினங்கொள்ளச் செய்திருந்தது. சுவார்ட்ஸ் ஐயர் தாம் கேட்டதைச் சென்னையில் அப்படியே எடுத்துரைத்தார். பயன் ஒன்றும் விளையவில்லை. 1780இல் ஐதரின் படை கணவாய்கள் வழியே கருநாடகத்தில் இறங்கியது. வட ஆற்காடும் தென் ஆற்காடும் எரிந்தன.

இத்தூதின் தோல்வியில் நாம் கற்பதற்கு நிரம்ப உண்டு. தூதுவர் மெய்யானவர், ஆனால் அவரை அனுப்பியவர்கள் சமாதானத்தை விரும்பினார்களா என்பது ஐயத்திற்குரியது. உடன்படிக்கையை மீறியவர்கள் தம் மீறுதலைத் திருத்தச் சித்தமாயிராமல், நல்ல மனிதர் ஒருவரை அனுப்பிக் காலத்தை நீட்டினர். அந்நல்ல மனிதரின் நற்பெயரே அதற்குக் கருவியாயிற்று. இவ்வாறு கூறுவது சுவார்ட்ஸ் ஐயரைச் சிறுமைப்படுத்துவதாகாது. வழிச்செலவுக்கென ஐதர் அளித்த முந்நூறு ரூபாயை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாமல் சென்னை அரசிடம் ஒப்புவிக்க முற்பட்டதும், அரசு அதை அவரே வைத்துக்கொள்ளுமாறு கூறவே தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை முதலாக்கியதும் நாமறிந்தவை. போர் மூண்டபின் ஐதர் தம் படையினருக்கு இந்தப் பாதிரியாரைத் தடையின்றி எங்கும் செல்லவிடும்படி ஆணையிட்டார். முன்கூட்டியே நெல் வாங்கிச் சேர்த்து வைத்துத் தஞ்சையில் பசியால் மாண்டுகொண்டிருந்தோருக்கு அவர் உணவளித்தார். தூதுவராக அவர் தோற்றார். ஆனால் இரு படையும் நம்பிய மனிதராக விளங்கினார். 1783இல் திப்புவிடம் அனுப்ப அரசு மறுபடியும் அவரையே நாடியது. அம்முறை எல்லையிலேயே அவர் திருப்பி அனுப்பப்பட்டார்.

போர்க்காலத்தில் நடுநிலை நாட்டவர்

ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தைக் கடந்து செல்வோம். முதல் உலகப் போர் 1914இல் தொடங்கியபோது தமிழகத்து லுத்தரன் சபைகள் பெரும் இடர்ப்பாட்டிற்கு உள்ளாயின. அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் நாள் எம்டன் கப்பல் சென்னையைக் குண்டுவீசித் தாக்கியபின், ஜெர்மானியர் என்ற பெயரே அச்சத்தை எழுப்பியது. லைப்சிக் மிஷனெரிகள் காவலில் வைக்கப்பட்டு, 1915-16இல் 'கோல்கொண்டா' கப்பலில் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற பணியைச் சுவீடன் திருச்சபையின் மிஷன் ஏற்றது. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை பிறந்ததும் இச்சூழலிலேதான். அந்தச் சுவீடன் திருச்சபைக்கு அப்போது பேராயராயிருந்தவர் நாதன் சோடர்புளோம். போரிடும் நாடுகளின் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு 1914இலேயே சமாதான வேண்டுகோள் விடுத்து, 1930இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றவர் இவர். தரங்கம்பாடிச் சபைகளுக்கும் உலகச் சமாதான இயக்கத்துக்கும் இவ்வாறு ஒரு மெல்லிய இழை ஓடியது.

திருவண்ணாமலையிலும் திருக்கோவிலூரிலும் பணிபுரிந்தது டேனிஷ் மிஷனெரி சங்கம். டென்மார்க் அப்போரில் நடுநிலை நாடு. ஆகவே டேனிஷ் மிஷனெரிகள் சிறைப்படவில்லை, பள்ளிகளும் மூடப்படவில்லை. ஆயினும் அவர்கள் அந்நியரே. அரசின் கண்காணிப்பிலேயே இருந்தனர். நடுநிலை நாட்டவர் என்பதற்கு ஒரு விலை இருந்தது. பேசாதிருத்தலே அவ்விலை.

பெரும்பாலோர் அவ்விலையைச் செலுத்தினர். அதைக் குற்றமென்று எளிதில் கூறிவிட முடியாது. அவர்கள் வளர்ந்த லுத்தரன் மரபில் ரோமர் 13ஆம் அதிகாரத்திற்குரிய இடம் பெரிது. கிறிஸ்தவர்கள் நியாயமான போரில் ஈடுபடலாம் என்று அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 16ஆம் பிரிவு ஒப்புக்கொள்கிறது. ஆளுகை தேவனால் உண்டானது. சபையின் பணி நற்செய்தி. இரண்டையும் கலக்கலாகாது என்பதே அவர்கள் கற்ற பாடம். பள்ளிகளும் மருத்துவமனைகளும் அரசு மானியத்தில் நடந்தன என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ண வேண்டும்.

இச்சூழலில் இரண்டு பெண்கள் வேறு வழியில் நடந்தனர். ஒருவர் ஆன் மேரி பீட்டர்சன் அம்மையார். 1909இல் இந்தியா வந்து பெண்கல்வியில் ஈடுபட்டவர். மற்றவர் எஸ்தர் பேரிங். போர்க்காலத்தில் வந்து தமிழ் கற்றுத் திருக்கோவிலூர் பெண்கள் பள்ளியில் பணியாற்றிய இளம் மிஷனெரி. இந்தியப் பெண்களுக்கேற்ற பள்ளி எவ்வாறிருக்க வேண்டும் என்று அறியும் நோக்கத்துடன் இருவரும் நாட்டின் பல கல்வி நிலையங்களைக் கண்டு, 1917இன் தொடக்கத்தில் அகமதாபாத்தில் காந்தியடிகளின் ஆசிரமத்தை அடைந்தனர். அப்போது அவர் இந்தியா திரும்பி ஈராண்டே ஆகியிருந்தது. சம்பாரன் போராட்டம் இன்னும் தொடங்கவில்லை. பின்னாளில் அவர் அடையப்போகும் பெருமையைக் கண்டு இவர்கள் சென்றார்கள் என்று எவரும் சொல்ல முடியாது.

அந்தச் சந்திப்பிலிருந்து ஒரு கடிதத் தொடர்பு வளர்ந்தது. காந்தியடிகள் எஸ்தரைத் தம் மகளாகவே கருதி எழுதினார். அக்கடிதங்கள் 1956இல் ஆலிஸ் பார்ன்ஸ் அவர்களால் தொகுக்கப்பெற்று நவஜீவன் வெளியீடாக நூலுருவம் பெற்றன. நம் போதகர்களுள் இந்நூலைக் கண்டவர் சிலரே என அஞ்சுகிறேன். மொழி கற்பது எப்படி, உடல்நலம் பேணுவது எப்படி என்பன போன்ற எளிய செய்திகளின் நடுவே, கிறிஸ்தவ இறையியலுக்கு மிகவும் இன்றியமையாத ஒரு வினாவும் அவற்றுள் எழுகிறது.

1918 ஏப்ரலில் டில்லியில் நடந்த போர் மாநாட்டில் கலந்துகொண்ட காந்தியடிகள், அக்கோடைக்காலத்தில் குஜராத்தின் கேடா மாவட்டத்துச் சிற்றூர்களில் பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்க்கப் புறப்பட்டார். அகிம்சையைப் போதித்தவர் போருக்கு ஆள் சேர்ப்பதா? அவருடைய நண்பர் சி. எப். ஆண்ட்ரூஸ் இதனை ஏற்கவில்லை. அதே வேளையில் தென் ஆற்காட்டிலிருந்த எஸ்தருக்கும் காந்தியடிகள் ஜூன் 30ஆம் நாளிட்ட கடிதத்தில் தம் செயலை விளக்கி எழுதினார். அவருடைய வாதத்தின் சாரம் இதுவே: கொல்லும் ஆற்றல் அற்றவன் கொல்லாதிருப்பது அகிம்சையாகாது, கையிழந்தவனுக்கு முதலில் கையைத் திருப்பித் தந்தபிறகே கையை ஓங்காதிருத்தலின் சிறப்பை அவனுக்குக் கற்பிக்க இயலும்.

இவ்வாதம் நம்மில் பலருக்கு ஏற்புடையதாக இராது. எனக்கும் அது முழு நிறைவளிக்கவில்லை. கிறிஸ்து சிலுவைக்கு முன் வாளேந்தக் கற்கவில்லை. ஆயினும் காந்தியடிகள் தொட்ட இடம் கூர்மையானது. வலிமையற்றவனின் மௌனத்தைச் சமாதானம் என்று பெயரிட்டு அழைக்கலாகாது என்பதே அவர் கூறியது. அதை அவர் எழுதியது யாருக்கு? நடுநிலை நாட்டில் பிறந்து, மௌனத்தை விலையாகக் கொடுத்து ஊழியம் நடத்திய ஒரு மிஷனைச் சேர்ந்த பெண்ணுக்கு. இதிலுள்ள முரணையும் கவனிக்க வேண்டும். காந்தியடிகளுடன் நட்புக் கொண்டவர் என்பதற்காக எஸ்தர் அரசின் ஐயத்திற்கு உள்ளானார். அவர் நட்புக் கொண்டிருந்தவரோ அந்நாட்களில் அதே அரசின் போருக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்! அரசு அஞ்சியது போர் எதிர்ப்பையன்று. வெள்ளைத் தோலுடைய ஒருத்தி இந்தியத் தலைவர் ஒருவரைத் தந்தையென மதித்ததையே அது பொறுக்கவில்லை.

1919இல் எஸ்தர் மிஷன் பணியிலிருந்து விலகினார். பின்னர் டாக்டர் மேனனை மணந்து எஸ்தர் மேனன் ஆனார். பீட்டர்சன் அம்மையாரும் மிஷனை விட்டு வெளியேறிப் பரங்கிப்பேட்டையில் அரசு மானியம் பெறாத தேசியக் கிறிஸ்தவப் பெண்கள் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சேவா மந்திர் எனப் பெயர்பெற்ற அந்நிலையத்திற்கு 1921 செப்டம்பரில் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். 1951இல் தாம் இறக்கும்வரை அம்மையார் அவ்வூரிலேயே வாழ்ந்தார்.

ஓர் உறுதிமொழி

போர் முடிந்தபின் பிரிட்டிஷாரல்லாத மிஷனெரிகள் இந்தியாவில் பணிபுரிய வேண்டுமானால் ஓர் உறுதிமொழி அளிக்க வேண்டியதாயிற்று. சட்டப்படி அமைந்த அரசுக்குக் கீழ்ப்படிந்து மதிப்பளிப்பேன் என்பது அதன் முதற்பகுதி. அரசியலிலிருந்து கவனமாக விலகி நிற்பேன் என்பதும், என் செல்வாக்கை அரசுடன் ஒத்துழைக்கும் வண்ணம் பயன்படுத்துவேன் என்பதும் அதன் தொடர்ச்சி. அரசியலிலிருந்து விலகுவதும் அரசுடன் ஒத்துழைப்பதும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து நின்றன. அதில் ஒவ்வாமை ஏதும் இருப்பதாக அன்று கையெழுத்திட்ட பெரும்பாலோர்க்குத் தோன்றவில்லை போலும். இருப்பதைத் தாங்குவது அரசியலன்று, இருப்பதை வினவுவதே அரசியல் என்னும் எண்ணம் நம் சபைகளில் எங்கிருந்து வந்தது என்று தேடும் மாணவர், இவ்வுறுதிமொழியையும் தம் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்வது நலம்.

இதன் விளைவை மதுரையில் கண்டனர். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த ரிச்சர்டு கைத்தான், 1930இல் ரெஜினால்டு ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞரைத் தம் இல்லத்தில் விருந்தினராக ஏற்றார். ரெனால்ட்ஸ் குவேக்கர் மரபினர். உப்புச் சத்தியாக்கிரகத்திற்குமுன் காந்தியடிகளின் கடிதத்தை வைஸ்ராயிடம் கொண்டு சேர்த்தவர். ஒரு விருந்தினருக்கு உணவிட்டதே உறுதிமொழிக்கு மாறானதாகக் கருதப்பட்டது. கைத்தான் நாட்டைவிட்டுச் செல்ல நேர்ந்தது. பின்னர் அவர் திரும்பி வந்தார். 1944இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார். விடுதலைக்குப் பின் வந்து காந்திகிராமத்திலும் வத்தலக்குண்டு வட்டாரத்திலும் உழைத்தார்.

பெரியண்ணனும் சின்னண்ணனும்

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் வழியாக வடமேற்கே சென்றால் திருப்பத்தூர். சேவா மந்திருக்கு அடிக்கல் நாட்டப்பெற்ற அதே 1921இல் அங்குக் கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றியது. தொடங்கியவர்கள் இருவருமே மருத்துவர்கள்: ஒருவர் சவரிராயன் யேசுதாசன், மற்றவர் ஸ்காட்லாந்து நாட்டுச் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்த எர்னெஸ்ட் பாரஸ்டர் பேட்டன். ஊரார் முன்னவரைப் பெரியண்ணன் என்றும் பின்னவரைச் சின்னண்ணன் என்றும் அழைத்தனர். ஆளும் இனத்தைச் சேர்ந்தவர் சின்னவர். ஆளப்படும் இனத்தைச் சேர்ந்தவர் பெரியவர். இந்த முறைப்பெயர்கள் இரண்டும் ஒப்புரவு பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் சொல்லக்கூடியதைச் சொல்லிவிட்டன. கோயிற் கட்டடக்கலையைத் தழுவி அங்கு எழுப்பப்பட்ட ஜெபாலயம் இன்றும் பலரால் போற்றப்படுகிறது. கலைத்துறையில் அதன் சிறப்பைப் பேசும் நாம், அதனைக் கட்டியவர்கள் கதருடுத்திய காரணத்தைப் பேசத் தவறிவிடுகிறோம்.

1932இல் சட்டமறுப்பு இயக்கம் மீண்டும் எழுந்தபோது, சென்னையில் கதராடையுடன் நின்ற சின்னண்ணனைக் காவலர் தடியால் அடித்துக் கைது செய்தனர். அடிபட்டவர் ஆங்கில அரசின் குடிமகன் என்பதால் அச்செய்தி இலண்டன் பாராளுமன்றம்வரை சென்றது. அதே தெருக்களில் அந்நாட்களில் அடிபட்ட எண்ணற்ற தமிழரின் பெயர்கள் எந்தப் பாராளுமன்றத்திலும் கேட்கப்படவில்லை. சின்னண்ணன் பட்ட அடியால் அவர்கள் பட்டதும் உலகிற்குச் சற்றே தெரியவந்தது எனலாம்.

இந்தியக் கிறிஸ்தவரின் குரலும் எழாமலில்லை. 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1930இல் காவல் துறையின் கொடுமைகளைக் கண்டு கிறிஸ்தவ ஊழியருக்கும் மிஷனெரிகளுக்கும் வேண்டுகோள் ஒன்று விடுத்தார். சமாதானப் பிரபுவைப் பின்பற்றுவோர் ஆயுதமற்ற மக்கள் அடிபடுவதைக் கண்டும் வாளாவிருக்கலாமா என்பதே அதன் மையம். இந்தியாவின் ஆங்கிலிக்கன் தலைமைப் பேராயராயிருந்த பாஸ் வெஸ்ட்காட் அதற்கு விடையளித்தார். சட்டமறுப்பை அவரால் ஆதரிக்க இயலவில்லை. சட்டத்தை மீறுவது தவறு என்று சபையின் தலைவர் கூற, அப்படியானால் போருக்கு ஆசி வழங்குவது எங்ஙனம் சரியாகும் என்று சபையின் உறுப்பினர் கேட்கும் நிலை உண்டாயிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோதுதான் குமரப்பா இயேசுவின் போதனைகளையும் நடைமுறையையும் பற்றிய தம் நூலை எழுதினார். அவருடைய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலும் அங்கேயே உருவாயிற்று. மூலப்பொருளையும் சந்தையையும் தேடி அலையும் பொருளாதாரம் போரைப் பெற்றெடுத்தே தீரும் என்பது அவர் துணிபு. போரை நிறுத்துங்கள் என்று முழங்குவதோடு நில்லாமல், போர் எந்த வயலில் விளைகிறது என்று காட்டிய தமிழ்க் கிறிஸ்தவர் அவர். அவர் நூல்களைப் பொருளாதார வகுப்பினரிடம் விட்டுவிட்டு நாம் ஒதுங்கியது முறையன்று.

தாம்பரமும் அதற்குப் பின்னும்

1938 டிசம்பரில் தாம்பரத்தில் கூடிய சர்வதேச மிஷனெரி மாநாட்டைப் பற்றி நாம் பேசும்போது கிரேமரின் நூலையும் அதற்கெழுந்த மறுப்புகளையுமே பேசுகிறோம். ஏறத்தாழ 470 பேராளர் கூடிய அம்மாநாட்டில் சீனரும் ஜப்பானியரும் ஒரே அவையில் அமர்ந்திருந்தனர். அவர்தம் நாடுகளோ அப்போது கொடும்போரில் ஈடுபட்டிருந்தன. அம்மாநாட்டிற்கு வந்திருந்த ஜப்பானியர் தொயோகிகோ ககாவா, பின்னர் 1939 ஜனவரியில் காந்தியடிகளைச் சந்தித்தார். தம் நாட்டின் போரைத் தாம் ஏற்கவில்லை என்ற அவரிடம், அதை வெளிப்படையாக அறிவித்து அதன்பொருட்டு உயிரையும் கொடுக்கச் சித்தமாயிருக்க வேண்டும் என்று காந்தியடிகள் கூறினார். நண்பர்கள் தம்மைத் தடுக்கிறார்கள் என்றார் ககாவா. 1940இல் ஜப்பானிய அரசு அவரைக் கைது செய்தது. அவரைக் கோழை என்று கூற நமக்கு உரிமையில்லை. அவர் நிலையில் நம்மை நிறுத்தி எண்ணிப் பார்ப்பதே தகும்.

1940 ஏப்ரலில் டென்மார்க்கை ஜெர்மனி கைப்பற்றியதும் திருவண்ணாமலை வட்டாரத்து டேனிஷ் பணிக்குத் தாயகத்துடன் இருந்த தொடர்பு அறுந்தது. நடுநிலை நாடு என்ற காப்பும் அத்துடன் மறைந்தது.

இதுவரை கண்டவர்கள் யாவரும் தனிமனிதர்கள். அவர்களுள் பலர் தம் அமைப்பைவிட்டு விலகியோ விலக்கப்பட்டோதான் தம் சாட்சியைப் பகர முடிந்தது. திருச்சபை திருச்சபையாகவே நின்று சமாதானம் பண்ண இயலாதா? இயலும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்றுண்டு. ஆனால் அது தமிழகத்திலன்று, நாகாலாந்தில். அங்கு 1950களிலிருந்து இந்தியப் படைக்கும் நாகா போராளிகளுக்கும் நடந்த மோதலில் சிற்றூர்கள் பல அழிந்தன. 1964இன் தொடக்கத்தில் வோக்காவில் கூடிய நாகாலாந்து பாப்டிஸ்டு திருச்சபைப் பேரவை, ஒரு சமாதானக் குழுவை அமைக்க முன்வந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயணன், அசாம் முதலமைச்சர் சாலிகா, ஆங்கிலிக்கன் குருவாகிய மைக்கேல் ஸ்காட் ஆகிய மூவரும் அக்குழுவில் இடம்பெற்றனர். அழைத்தது திருச்சபை, அமர்ந்தவர்களோ ஒரு சர்வோதயவாதி, ஓர் அரசியல்வாதி, ஓர் அந்நியர். 1964 செப்டம்பர் 6ஆம் நாள் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது.

பாப்டிஸ்டு சபையார் நடுநிலையாளர் அல்லர் என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். போராளிகள் அச்சபையின் பிள்ளைகள். மாநில அரசில் பதவி வகித்தவர்களும் அச்சபையின் பிள்ளைகளே. இரு பக்கத்துத் துயரமும் தன் வீட்டுத் துயரமாயிருந்ததால்தான் அச்சபை இரு பக்கத்தையும் அழைக்க முடிந்தது. சுவார்ட்ஸ் ஐயர் ஒரு பக்கத்தின் தூதுவராகச் சென்றார். டேனிஷ் மிஷன் எப்பக்கமும் சாராது விலகி நின்றது. நாகா சபையோ இரு பக்கத்திற்கும் உரியதாக நின்றது. அதன் போர்நிறுத்தம் நிலையான தீர்வாக முதிரவில்லை, ஸ்காட் 1966இல் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார், மோதல்கள் திரும்பின. ஆயினும் துப்பாக்கி ஓசையின்றி மக்கள் உழுது விதைத்த பருவங்கள் சில கிடைத்தன. அவற்றைக் கணக்கில் கொள்ளாத வரலாறு வரலாறாகாது.

அந்தச் சமாதானத்தைக் காக்கக் கோகிமாவில் அமைந்த சமாதான மையத்தை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நடத்தியவர் ஒரு தமிழர், டாக்டர் எம். அறம். அவர் கிறிஸ்தவரல்லர், கோவை மாவட்டத்திலிருந்து சென்ற காந்தியவாதி. பாப்டிஸ்டு போதகர்களோடு அமர்ந்து போர்நிறுத்த மீறல்களை விசாரித்து, சிற்றூர் சிற்றூராக நடந்தவர். பின்னர் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றினார். 1974இல் அவர் எழுதிய நாகாலாந்து சமாதானம் பற்றிய நூல் நம் இறையியல் நூலகங்களில் இருக்கத் தக்கது.

தமிழகத்துச் சபைகளுக்கும் இரு பக்கத்திற்கும் உரியவராக நிற்கும் ஒரு சூழல் 1983க்குப் பின் வந்தது. இலங்கைப் போர் நமக்கு அயல்நாட்டுப் போராகத் தோன்றியது. ஆனால் யாழ்ப்பாணப் பேராயம் 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையின் அங்கம். லுத்தரன் சபைகளும் மெதடிஸ்டு சபைகளும் பாக்கு நீரிணைக்கு அப்பால் உறவுகள் கொண்டவை. அத்தீவில் சிங்களக் கிறிஸ்தவரும் தமிழ்க் கிறிஸ்தவரும் ஒரே சபையின் ஒரே பந்தியில் அமர்ந்தவர்கள். கடலைக் கடந்து வந்தோருக்கு உடையும் உணவும் சேர்ப்பதில் நம் சபைகள் பின்வாங்கவில்லை. இரு மொழியினரையும் ஒரு மேசைக்கு அழைக்கும் பணியைப் பெரிதும் அங்குள்ள சபைகளிடமே விட்டுவிட்டோம். 2009இல் அப்போர் முடிந்த விதத்தை நாம் அறிவோம்.

அகதிகளாக வந்தோருள் ஒரு பகுதியினர் குடியமர்த்தப்பட்ட முகாம்கள் திருவண்ணாமலை மாவட்டத்திலும் உள்ளன. 2021 முதல் அவை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றம் பெற்றன. அங்குப் பிறந்து, இலங்கையை ஒருமுறையேனும் கண்டிராத பிள்ளைகள் இன்று பெற்றோர்களாகிவிட்டனர். அவர்களுள் நம் ஞாயிறு ஆராதனைக்கு வருவோரும் உண்டு. கார்த்திகை தீபத்தன்று மலைச்சுடரை நோக்கிக் கைகூப்புவோரும் உண்டு.